கோர்ட்டு எரிந்த ஊரில் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது

போன இதழில், இங்கே அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் நான் வாரம் 2 நாள் போய் உட்காரும் கவுண்டி வரலாற்றுச் சங்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கும்பகோணத்தில் 22 வருடம் நூலக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகளோடு இங்கே வந்து சேர்ந்தவள் நான். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் தேடிப் போன இடம் அது. இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். ஆசிரியர் அனுப்பிய கடிதக் கட்டைப் பார்த்தால் நிறையப் பேருக்கு வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. நாடி ஜோதிடத்தில் பூர்வீகம் தெரியுமா என்று கேட்ட இருவருக்கும் என்னிடம் பதிலே இல்லை.

கே: கவுண்டி என்பது நம்மூர் மாவட்டமா, தாலுகாவா? அந்தச் சங்கம் அரசாங்கத்துடையதா? உங்களுக்குச் சம்பளம் உண்டா?
– ஆர். எம்., நாமக்கல்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சம்பளம் கிடையாது. வருடச் சந்தா என்று நான்தான் அவர்களுக்குக் கட்டுகிறேன். காப்பி இலவசம், ஆனால் நம் நாக்குக்கு அது கலர் வெந்நீர்.

கவுண்டியை மாவட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க 3,000-க்கு மேல் இருக்கின்றன, ஓஹாயோவில் மட்டும் 88. நிலப் பத்திரம், கல்யாண லைசென்ஸ், உயில், வரி, வழக்கு எல்லாம் கவுண்டித் தலைநகரில் இருக்கும் கோர்ட்டுக் கட்டிடத்தில்தான். நம்மூர் சார்பதிவாளர் ஆபீஸையும் முன்சீப் கோர்ட்டையும் தாலுகா ஆபீஸையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து வைத்த மாதிரி. ஓஹாயோவில் 1867 முதல் 1908 டிசம்பர் வரை பிறப்பு இறப்புக்கூட கவுண்டியின் புரோபேட் கோர்ட்டு, அதாவது உயில், வாரிசு விஷயம் பார்க்கும் கோர்ட்டின் பேரேட்டில்தான் ஏறியது. அதற்கப்புறம்தான் மாநில அரசு எடுத்துக்கொண்டது. ஆகவே இந்த ஊர்க்காரர் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேட ஆரம்பித்தால், அவர் எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பதற்கு முன்னால் எந்தக் கவுண்டியில் இருந்தார் என்றுதான் கேட்பார்கள்.

சங்கம் அரசாங்கத்துடையது இல்லை. சில இடங்களில் கவுண்டி நிர்வாகம் கொஞ்சம் பணம் கொடுக்கும். மற்றபடி சந்தா, நன்கொடை, பழைய புத்தக விற்பனை, கேக் விற்பனை. இந்த வழக்கம் பழையது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் 1791-இல் தொடங்கியது. குடும்ப வழி தேடுவதற்கென்றே ஒரு சங்கம் அதே பாஸ்டனில் 1845-இல் வந்தது. ஓஹாயோ வம்சாவளிச் சங்கம் 1959-இல் பிறந்தது, அதற்குக் கவுண்டிதோறும் கிளைகள்.

வரலாற்றுச் சங்கம் வேறு, வம்சாவளிச் சங்கம் வேறு என்பது எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது. முதலாவது பொருள்களைச் சேர்க்கும்: கலப்பை, கல்யாண கவுன், பல் டாக்டரின் நாற்காலி. இரண்டாவது பெயர்களைச் சேர்க்கும். எங்கள் கவுண்டியில் இரண்டும் ஒரே கட்டிடத்தில் குடியிருக்கின்றன. அலமாரி யாருக்கு என்பதில் மாமியார் மருமகள் போல ஒரு மெல்லிய புகைச்சல் எப்போதும் உண்டு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 70-ஐத் தாண்டியவர்கள். 66 வயதில் நான் அங்கே சின்னப் பெண்.

கே: அக்கா, உங்கள் கட்டுரையில் ‘எரிந்த கவுண்டி’ என்று ஒரு சொல் வந்தது. பதிவேடு மொத்தமும் எரிந்துவிட்டால் அப்புறம் தேடுவதற்கு என்ன இருக்கிறது?
– கே. வி., சிவகாசி

தீயைப் பற்றிச் சிவகாசியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோர்ட்டுக் கட்டிடம் எரிந்து ஆவணங்கள் போன கவுண்டிகளுக்கு இந்த வட்டாரத்தில் அப்படிப் பெயர். அந்தக் காலத்து மரக் கட்டிடம், கணப்பு, எண்ணெய் விளக்கு, கட்டுக் கட்டாகக் காகிதம். எரியாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் எங்களுக்குக் கிட்டே சின்சினாட்டியில் கோர்ட்டை எரித்தது ஜனங்கள். 1884 மார்ச் கடைசியில், முதலாளியைக் கொன்றவனுக்குக் கொலைக்குற்றம் இல்லை, அதைவிடக் குறைந்த குற்றம்தான் என்று ஜூரி சொல்லிவிட்டது. ஊர் பொங்கியது. மூன்று நாள் கலவரத்தில் 50 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஊர் இருக்கும் ஹாமில்டன் கவுண்டியின் கோர்ட்டும் அதிலிருந்த பதிவேடுகளில் பெரும்பகுதியும் சாம்பலாயின. நீதி கேட்டு வந்த கூட்டம் தன் அப்பா அம்மாவின் கல்யாணப் பதிவைத் தானே கொளுத்திவிட்டுப் போனது.

வர்ஜீனியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. உள்நாட்டுப் போரின்போது ஜேம்ஸ் சிட்டி, வார்விக் மாதிரிச் சில கவுண்டிகள், எதிரிப்படை வந்து எரித்துவிடும் என்று பயந்து தங்கள் ஏடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன. தலைநகரம், பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை. 1865 ஏப்ரலில் ரிச்மண்டை விட்டு ஓடிய சொந்தப் படையே கிடங்குகளுக்குத் தீ வைக்க, ஊரோடு ஏடுகளும் போயின. திருடனுக்குப் பயந்து நகையை பேங்க் லாக்கரில் வைத்து, பேங்க் எரிந்த கதை.

சரி, அப்புறம் எப்படித் தேடுவது? கோர்ட்டில் இருப்பது பத்திரத்தின் நகல்தான், அசல் வீட்டுக்காரரிடம் இருக்கும். தீக்குப் பிறகு பல கவுண்டிகளில் ஜனங்கள் அசலைக் கொண்டுவந்து மறுபடி பதிந்தார்கள். கல்யாணம் நடத்திவைத்த சர்ச்சில் ஒரு பதிவு இருக்கும். உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வரி வந்திருக்கும். ஹாமில்டன் கவுண்டி வம்சாவளிச் சங்கத்துக்காரர்கள் சர்ச் ஏடுகளையும் பழைய செய்தித்தாள்களையும் வருடக்கணக்காகச் சலித்து, எரிந்துபோன கல்யாணப் பட்டியலை ஒவ்வொரு பெயராகத் திரும்பக் கட்டியெழுப்பினார்கள். அரசாங்கச் சம்பளத்தில் ஒருவர்கூட இல்லை.

வீட்டு பைபிள் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் நாலு பக்கம் காலியாக விட்டிருப்பார்கள், பிறப்பு, கல்யாணம், சாவு எழுத. போன மாதம் ஒரு பெரியவர் மளிகைக் கடைப் பையில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான் நேராக நடுப்பக்கத்தைத் திருப்பப் போனேன். எனக்குத் தொழில் சொல்லித் தரும் அம்மாள் என் கையைப் பிடித்து முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அச்சான வருடம் 1852. நடுவில் முதல் பதிவு 1811-இல் ஒரு பிறப்பு. அப்படியென்றால் அது அன்றைக்கே எழுதியது இல்லை, 40 வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதியது. மையைப் பார்த்தாலும் தெரிந்தது: முதல் ஒன்பது பெயரும் ஒரே மை, ஒரே கை, ஒரே மூச்சு. பத்தாவதிலிருந்துதான் மை மாறிக்கொண்டே வருகிறது. ஒரு பையன் பெயர் இரண்டு தடவை வந்திருந்தது. முதல் குழந்தை தவறிவிட, அடுத்ததற்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் பார்த்ததுதான்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்களின் விதவைகள் பென்ஷன் கேட்டபோது கல்யாணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். சிலர் பைபிளின் அந்தப் பக்கத்தைக் கிழித்து வாஷிங்டனுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிழிந்த தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பென்ஷன் கோப்புகளுக்குள் இருக்கின்றன. கிழித்து அனுப்பியவளின் குடும்பத்துக்கு நட்டம், தேடுகிறவர்களுக்கு லாபம்.

வாஷிங்டனும் எரியாமல் இல்லை. 1890 மக்கள்தொகைக் கணக்கில் 6 கோடியே 29 லட்சம் பேர் எழுதப்பட்டிருந்தார்கள். அந்த ஏடுகள் வணிகத்துறைக் கட்டிடத்தின் அடித்தளத்தில், பாதுகாப்பு அறைக்கு வெளியே அடுக்கிக் கிடந்தன. 1921 ஜனவரி 10 அன்று தீ. கால்வாசி எரிந்தது, மிச்சத்தில் நிறையத் தண்ணீர் அடித்து ஊறியது. ஊறியதையாவது காப்பாற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. வருடக்கணக்காக வைத்திருந்து, 1933-இல் நாடாளுமன்ற அனுமதி வாங்கி அழித்தே விட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 6,000 பெயர்கள். 1880-க்கும் 1900-க்கும் நடுவில் பிறந்து, வளர்ந்து, வீட்டை விட்டுப் போனவர்களைத் தேடி வருகிறவர்கள் முகத்தில் ஒரு களைப்பு தெரியும். அவர்களுக்கு எங்கள் அலமாரிதான் கதி: கவுண்டி வரிப் பட்டியல், ஊர் டைரக்டரி, பள்ளிக்கூடப் பதிவு, சாவுச் செய்தி வெட்டி ஒட்டிய நோட்டு.

கே: இந்தச் சங்கங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தானே? அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் எங்கே போய்த் தேடுவார்கள்?
– கல்லூரி மாணவி, மதுரை

உறைக்கிற கேள்வி. ரொம்பக் காலம் நீ சொன்னபடிதான் இருந்தது, மகளே. கறுப்பின மக்களுக்கான தேசிய வம்சாவளிச் சங்கம் 1977-இல்தான் வந்தது.

1850, 1860 கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் படிவம். அதில் எஜமானின் பெயர் இருக்கும். கீழே வயது, ஆண் பெண், நிறம். ஆளுக்குப் பெயர் கிடையாது, சில விதிவிலக்கு தவிர. ஆடு மாடு எண்ணுவது போல. விடுதலைக்குப் பிறகு 1870 கணக்கில்தான் முதன்முதலாக அத்தனை பேருக்கும் பெயர் வந்தது. ஆகவே தேடுகிறவர்கள் 1870 வரை நடந்து வந்து ஒரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். சுவர் என்றே அதைச் சொல்கிறார்கள்.

ஓஹாயோவில் அடிமை முறை இல்லை. அதனால் நல்ல மாநிலம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 1804-இல் இங்கே ஒரு சட்டம் போட்டார்கள். கறுப்பர் யாரும், தான் சுதந்திரமானவர் என்று கோர்ட்டுச் சான்று இல்லாமல் இங்கே குடியிருக்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பவர்கள் கவுண்டி குமாஸ்தாவிடம் பெயரைப் பதிய வேண்டும், ஒரு பெயருக்குப் பன்னிரண்டரை சென்ட் கட்டணம். 1807-இல் இன்னொன்று: 500 டாலருக்கு இருவர் ஜாமீன். பெரும்பகுதி 1849-இல்தான் ரத்தானது. வராதே என்று சொல்வதற்காகவே போட்ட சட்டம்.

சில கவுண்டிகளில் அந்தப் பதிவேடு தப்பியிருக்கிறது. அதன் படப்பிரதி ஒன்றை என்னிடம் கொடுத்து, பெயர்களைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். பெயர், வயது, உயரம் எத்தனை அடி எத்தனை அங்குலம், எங்கே தழும்பு, யார் விடுவித்தார், வர்ஜீனியாவில் எந்தக் கவுண்டியிலிருந்து வந்தார். அவமானப்படுத்த எழுதின ஒவ்வொரு விவரமும் இன்றைக்கு அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கு 1870 சுவரில் ஒரு ஜன்னல். குமாஸ்தா உயரத்தை அளந்தபோது அந்த மனிதர் சுவரோரமாக நிமிர்ந்து நின்றிருப்பார் இல்லையா, அதை நினைத்து நான் அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்யவில்லை.

செய்த வேலையிலும் ஒரு தப்பு. அந்தக் காலத்தில் இரண்டு ‘எஸ்’ சேர்ந்து வந்தால் முதலாவதை ‘எஃப்’ மாதிரி நீட்டி எழுதுவார்கள். ‘ராஸ்’ என்ற கவுண்டியை நான் ‘ராஃப்ஸ்’ என்று 31 இடத்தில் ஏற்றி வைத்திருந்தேன். அப்படி ஒரு கவுண்டி ஓஹாயோவில் இல்லவே இல்லை.

கே: கப்பலில் வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை மாற்றிவிட்டார்களாமே?
– பி. எஸ்., திருச்சி

மாற்றவில்லை. கப்பல் ஏறும் துறைமுகத்திலேயே எழுதின பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துத்தான் இங்கே சரிபார்த்தார்கள், மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பெயரைச் சுருக்கிக்கொண்டது பெரும்பாலும் வந்தவர்கள்தான், வேலைக்காகவும் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட வசதியாகவும். எங்கள் சங்கத்துக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள். பாட்டி சொன்ன கதை ஆயிற்றே.

கே: ஒவ்வொரு கவுண்டிக்கும் தடிமனான வரலாற்றுப் புத்தகம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அவற்றை நம்பலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தென்காசி

பாதி நம்பலாம். 1876-இல் நாட்டுக்கு நூறாவது பிறந்தநாள். அந்தந்தக் கவுண்டி தன் கதையை எழுதி ஜூலை 4 அன்று படிக்க வேண்டும், ஒரு பிரதியைக் கவுண்டி குமாஸ்தாவிடமும் இன்னொன்றை நாடாளுமன்ற நூலகத்திலும் கொடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றமே கேட்டுக்கொண்டது. நல்ல யோசனை. அதை வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். முகவர் வீடு வீடாக வருவார். முன்பணம் கட்டினால் உங்கள் வாழ்க்கை வரலாறு அச்சாகும், மேலே போட்டால் முகப்படமும் வரும். அந்தப் புத்தகங்களில் ஒரு குடிகாரர்கூட இல்லை. எல்லோரும் உழைத்து முன்னேறிய உத்தமர்கள். கடன்காரர்கள் யார் என்று தெரிய கோர்ட்டுக் கட்டைத்தான் அவிழ்க்க வேண்டும்.

ஆனாலும் தூக்கிப்போட மாட்டேன். ஊர்ப் பெயர்கள், மாவு அரைக்கும் மில், முதல் பள்ளிக்கூடம், எந்த வருடம் எந்தப் பாலம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. கல்யாண மலரில் மாப்பிள்ளையைப் பற்றி எழுதியதை எப்படிப் படிப்போமோ அப்படிப் படித்தால் போதும்.

கே: கல்லறைகளைப் படிக்கப் போவதாக எழுதியிருந்தீர்களே, உங்களுக்குப் பயமாக இல்லையா? அங்கே அப்படி என்ன கிடைக்கும்?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தேன். மகள் சிரித்தாள். இப்போது கைகால் கழுவுவதோடு சரி.

எங்கள் பக்கத்துப் பழைய கல்லறைகள் மணற்கல்லும் வெள்ளைப் பளிங்கும். மழையில் பளிங்கு சர்க்கரை மாதிரி கரைந்துகொண்டே வரும். விரலால் தொட்டால் பொடி ஒட்டும். முன்பெல்லாம் எழுத்துத் தெரிய ஷேவிங் கிரீமைப் பூசி வழித்துப் படிப்பார்களாம். அது கல்லைத் தின்னும் என்பதால் இப்போது கூடாது. கம்பிப் பிரஷும் பிளீச்சிங் தண்ணீரும் அதைவிட மோசம். எங்கள் ஆயுதம் ஒரு நிலைக்கண்ணாடி. ஆளுயரக் கண்ணாடியை ஒருவர் பிடித்துக்கொண்டு வெயிலைப் பக்கவாட்டில் கல்மேல் திருப்ப வேண்டும். வெறும் சாம்பல் பலகையாக இருந்தது, வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் வரி வரியாக எழும்பி வரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. திருப்பனந்தாள் கோயில் சுவரில் சாயங்கால வெயிலில் கல்வெட்டு இப்படித்தான் தெரியும், அப்போது நின்று பார்க்கத் தோன்றவில்லை.

கிடைப்பது என்ன? பிறந்த தேதி பல கற்களில் இராது. செத்த தேதியும், 72 வருடம் 3 மாதம் 4 நாள் என்று வயதும் இருக்கும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பிறந்தநாள் வந்துவிடும். அப்புறம் பெண்களுக்கு இரண்டு சொல். ‘கன்சார்ட்’ என்றிருந்தால் புருஷன் இருக்கும்போதே போனவள். ‘ரெலிக்ட்’ என்றால் புருஷனுக்குப் பின்னால் போனவள். எனக்குத் தொழில் சொல்லித் தரும் அம்மாள் இதை அரைமணி நேரம் விளக்கத் தயாராக இருந்தார். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சுமங்கலி என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும் என்றேன். அவர் அந்தச் சொல்லைக் குறித்து வைத்துக்கொண்டார்.

கே: ‘எங்கள் பரம்பரை தெரியுமா’ என்று மார்தட்டுவதற்குத்தானே இதெல்லாம்? நம்மூரில் ஜாதிச் சங்கம் செய்வதை அங்கே கோட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.
– டி. என்., சென்னை

கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1820-க்குள் இங்கே குடியேறியவர்களின் வாரிசு என்று நிரூபித்தால் ‘ஓஹாயோவின் முதல் குடும்பங்கள்’ என்ற பிரிவில் சேரலாம். சேர்ந்தவர்கள் சட்டையில் அதற்கான பேட்ஜைக் குத்திக்கொண்டு வருவார்கள். சுதந்திரப் போர் வீரர்களின் மகள்கள் சங்கம் என்று 1890-இலிருந்து ஒன்று இருக்கிறது. தன் அரங்கத்தில் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் பாடக் கூடாது என்று 1939-இல் மறுத்த சங்கம் அது. அதே சங்கத்தின் வாஷிங்டன் நூலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ஏடுகளும் இருக்கின்றன. இரண்டும் உண்மை.

ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். மார்தட்ட வருகிறவர்கள் ரொம்ப நாள் தாக்குப்பிடிப்பதில்லை. மூன்றாவது தலைமுறையில் ஒரு குதிரைத் திருடனோ, கல்யாணத்துக்கு ஐந்து மாதத்தில் பிறந்த குழந்தையோ வந்து நிற்கும். சிலர் ஃபைலை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். சிரித்துக்கொண்டு அடுத்த பக்கம் திருப்புகிறவர்கள்தான் பிறகு தன்னார்வலர்கள் ஆகிறார்கள்.

கே: நாங்களும் ஓஹாயோதான், அம்மா. என் மாமனார் 1971-இல் இங்கே படிக்க வந்தவர். அவர் காலமான பிறகு இரண்டு பெட்டி நிறைய ஏர்மெயில் கடிதங்கள், பொங்கல் விழா நோட்டீஸ், போட்டோ ஆல்பம். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. தூக்கிப்போட மனசு வரவில்லை. உங்கள் சங்கம் இதையெல்லாம் வாங்கிக்கொள்ளுமா?
– ஒரு மருமகள், கொலம்பஸ்

தூக்கிப்போடாதேம்மா. இந்த இதழ் கைக்கு வருவதற்குள் போட்டிருந்தால் என்னிடம் சொல்லாதே.

கவுண்டிச் சங்கத்திடம் தயங்காமல் கேள். 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் வந்தவர்களும் அந்தக் கவுண்டியின் வரலாறுதான். ஜெர்மன்காரர் சர்ச் நோட்டீஸை வைத்திருக்கும் அலமாரியில் பொங்கல் நோட்டீஸுக்கு இடம் இல்லாமல் போகாது. ஆனால் எல்லாவற்றையும் வாங்க மாட்டார்கள். இடம் இல்லை என்பது நிஜம். அந்த ஊரோடு சம்பந்தப்பட்டதைக் கேட்பார்கள்: எந்த ஹாலில் விழா நடந்தது, மளிகைச் சாமானுக்கு எத்தனை மைல் போனார்கள். கொடுத்தால் நன்கொடைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள், படித்துப் பார்த்துப் போடு. கடிதங்களை விட்டுப் பிரிய மனமில்லை என்றால், தெற்காசிய அமெரிக்க மின்னணு ஆவணக் காப்பகம் என்று பிலடெல்பியாவில் 2008-இலிருந்து ஒன்று இருக்கிறது. அவர்கள் பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது. பேப்பர் கிளிப், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடு, துரு தாளில் இறங்கும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதே. லேமினேஷன் கூடவே கூடாது. ஆல்பம் அந்தக் காலத்துப் பசைத்தாள் ஆல்பமாகத்தான் இருக்கும், மேலே பிளாஸ்டிக் உறை போட்டது. அந்தப் பசை படத்தை அரித்துவிடும். பிய்த்து எடுக்காதே. மெழுகு போடாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து ரம்பம் மாதிரி மெதுவாக இழுத்தால் கழன்று வரும். நான் முதலில் என் மகள் கல்யாணப் படத்தில் பழகினேன், மூலை போயிற்று. வேண்டாத படத்தில் பழகு.

எல்லாவற்றையும்விட அவசரம் ஒன்று. உன் மாமியார் இருக்கிறார் என்றால், படங்களோடு அவர் பக்கத்தில் உட்கார். பின்பக்கம் மென்மையான பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று எழுது. எங்கள் சங்கத்தில் ‘பெயர் தெரியாதவர்கள்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அழகழகான முகங்கள். கடைசியாகத் தெரிந்தவர் போன பிறகு பெட்டிக்கு வந்து சேர்ந்தவர்கள்.

கே: சர்ச் பதிவும் கல்லறையும் இல்லாத நாம் எங்கே தேடுவது? உங்கள் சொந்தப் பரம்பரையில் எத்தனை தலைமுறை உங்களுக்குத் தெரியும்?
– எம். ஜே., தஞ்சாவூர்

வடக்கே ஹரித்வாரில் பண்டாக்கள் யாத்திரை வந்தவர்களின் குடும்பப் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து மார்மன் சபையின் வம்சாவளிச் சங்கம், 1894-இல் தொடங்கியது, 1970-களின் கடைசியில் போய் அவற்றை மைக்ரோஃபிலிம் எடுக்க ஆரம்பித்தது. செத்துப்போன மூதாதையர்களுக்கும் ஞானஸ்நானம் செய்யலாம் என்பது அவர்கள் நம்பிக்கை, அதற்குத்தான் உலகம் முழுக்கப் பெயர் சேர்க்கிறார்கள். நம் பக்கத்தில் சென்னைக் கோட்டை தூய மேரி ஆலயத்தின் திருமணப் பதிவேடு 1680-இல், பின்னால் சென்னை கவர்னரான எலிஹு யேல் கல்யாணத்தோடு தொடங்குகிறது. ஆனால் அது கும்பினிக்காரர்களின் பதிவேடு.

நமக்கு மூலப்பத்திரம்தான். பீரோவில் துணிப்பையில் சுற்றிய அந்தக் கட்டை எடுத்துப் படியுங்கள். எழுதிக் கொடுத்தவர், அவர் தகப்பனார், பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள், நாலு எல்லைக்கும் பக்கத்து நிலத்துக்காரர்கள், சாட்சிகள். ஒரே தாளில் பதினைந்து பெயர் வரும். எல்லை சொல்லும் பெயர்களை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலும் பங்காளிகள் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள்.

எனக்கு அப்பா வழியில் ஐந்து தலைமுறை ஆண்கள் பெயர் தெரியும், எல்லாம் பத்திரத்தின் புண்ணியம். அதற்கு மேல் தெரிந்திருக்கலாம். தாத்தாவின் கணக்கு நோட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. 1994-இல் வீட்டை விற்றபோது பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டோம். போட்டது வேறு யாரும் இல்லை, நூலகத்தில் வேலை பார்த்த நான்தான். தராசில் கல் வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பெண்களின் பெயர் பத்திரத்தில் இல்லை. ‘மேற்படியார் பாரியாள்’ என்பதோடு சரி. இங்கேயும் 1850-க்கு முந்தைய கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் கட்டத்துக்குள் எண்கள். ஆனால் எங்கள் வீட்டு அண்டா மட்டும் எடைக்குப் போகவில்லை, தூக்க நாலு ஆள் வேண்டும் என்பதால். அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாக உளிவைத்துத் தட்டிய எழுத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர், பிறந்த ஊர், அவளுடைய அப்பாவின் முதலெழுத்து. சீர் கொடுத்தபோது பாத்திரக் கடைக்காரர் வெட்டிக் கொடுத்தது. போன தை மாதம் ஊருக்குப் போனபோது தங்கை வீட்டுக் கொல்லையில் அதைக் கவிழ்த்துப் போட்டு, புளி தேய்த்துக் கழுவி, காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசினேன். கல்லறையில் அப்படி உரசக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள்தான். பித்தளை தாங்கும். நடுவில் ஓர் எழுத்து மட்டும் நசுங்கிவிட்டது, ‘ல’வா ‘வ’வா என்று எங்கள் சித்திக்கும் எனக்கும் இன்னும் தகராறு.